உதைத்த இன்ஜின்

ஷெட் கதவைத் திறந்தபோது மணி இரண்டே கால். ஐந்து மணிக்கு மெக்கானிக் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். அதற்குள் தப்பு அவர்மேல் இல்லை என்று அண்ணி நிரூபித்தாக வேண்டும். எனக்கு அதைவிட அவசரமாக ஒரு கைக்குட்டை தேவைப்பட்டது.

"என்ன அண்ணி இப்படி நாறுது?"

"பழைய பெட்ரோல், பழைய எண்ணெய், செத்த எலி. மூணாவது உன் செருப்புக்கு அடியில இருக்கு."

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைக் குடைந்து பார்த்த மனுஷி, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவன். பதினான்கு வருஷம் அடுத்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து க்ளட்ச்சை மட்டும் மிதித்தவன். பெயரும் க்ளட்ச் என்றே ஆகிவிட்டது.

வழக்கு இதுதான். இந்த வீட்டுக்காரர் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் சீஃப். வயது அறுபத்தெட்டு. மனைவி இறந்து ஒன்பது வருஷம். போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, டிராயிங் டீச்சர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள இருந்தார். ஒன்பது மணிக்குத் தன் அறுபது வருஷத்துப் பழைய காரை ஸ்டார்ட் செய்ய, முன்னால் கிராங்க் ஹேண்டில் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார். கை மணிக்கட்டில் இரண்டாக உடைந்தது.

டீச்சர் பதிவு அலுவலக பெஞ்சில் காத்திருந்தார். பதினொன்று இருபதுக்கு சீஃபின் போனிலிருந்து மெசேஜ் வந்தது. 'மனசு மாறிட்டேன். என்னைத் தேடி வர வேண்டாம்.' மூன்று நாள் கழித்து டீச்சர் எங்கள் ஆபீசுக்கு வந்து அந்த மெசேஜைக் காட்டினார். அழவில்லை.

"அவர் பேச்சை முடிக்கும்போது எப்பவும் 'சரியா?'ன்னு ஒரு வார்த்தை கேப்பார். இதுல அது இல்ல. அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க," என்றார்.

இதற்கிடையில் சீஃபின் மகன் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். மெக்கானிக், இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் கார்புரேட்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அப்பா சுற்றிச் சுற்றிச் சோர்ந்து கை நழுவிவிட்டது என்று. தப்பு மெக்கானிக்மேல்தான் என்று எங்களிடம் எழுத்தில் வாங்க அவருக்கு ஆசை. அதனால்தான் நாங்கள் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றதும் சாவியைக் கொடுத்தார்.

மெக்கானிக் வாசலிலேயே நின்றார். ஐம்பது வயது. நாலு நாளாகத் தூங்காத முகம்.

"உள்ள வாங்க. ஆனா ரெண்டு கையும் பாக்கெட்ல இருக்கணும். நான் கேட்டதுக்கு மட்டும் பதில்," என்றார் அண்ணி.

அவர் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டார்.

"வண்டிக்கு என்ன கோளாறுன்னு உங்ககிட்ட வந்துச்சு?"

"மேடு ஏறலம்மா. மிஸ் அடிச்சுது. அப்பப்ப கார்புரேட்டர் வழியாத் துப்புச்சு. சனிக்கிழமை நானே இங்க வந்து கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினேன். ஜெட் எல்லாம் ஊதிவிட்டேன். பாயிண்ட் தேய்ச்சேன். டைமிங் தள்ளிப் போயிருந்துச்சு, பல்பு வச்சுப் பாத்துச் சரி பண்ணேன். ஞாயித்துக்கிழமை சீஃப் டீச்சரைக் கூட்டிக்கிட்டு மேட்டு ரோட்டுல போயிட்டு வந்து, எனக்குப் போன் போட்டு, 'பூனை மாதிரி ஏறுதுய்யா'ன்னாரு."

டீச்சரும் அதையேதான் சொல்லியிருந்தார். மேட்டில் ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை என்று.

"அப்புறம் புதன் வரைக்கும் வண்டி இங்கயேதான்?"

"இங்கயேதான்."

அண்ணி பானெட்டைத் தூக்கினார். நான் டார்ச் அடித்தேன். கார்புரேட்டர் மூடியில் நாலு ஸ்க்ரூ. அவற்றைத் திறக்கும் முன் அண்ணி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"க்ளட்ச், என்ன தெரியுது?"

"நாலு ஸ்க்ரூ. நாலோட தலையில இருக்கற வெட்டும் நேரா நிக்குது. பள்ளிக்கூடத்துல வரிசை கட்டின மாதிரி."

அண்ணி மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இல்லம்மா. எனக்கு ஸ்க்ரூ இறுகினா போதும். அது சீஃபோட பழக்கம். கப்பல்ல கத்துக்கிட்டாராம். எந்த ஸ்க்ரூவா இருந்தாலும் வெட்டு நேரா நிக்கணும். நான் சனிக்கிழமை மாட்டினப்ப அது பாட்டுக்கு நாலு பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"அதை சீஃப் பாத்திருந்தா நேராக்கியிருப்பாரா?"

"அவரு அன்னிக்கு நல்ல சட்டையில வந்தாரு. டீச்சரைப் பாக்கப் போற அவசரத்துல பானெட்டையே திறக்கல. அப்புறம் புதன்கிழமை கையே போயிருச்சு."

அண்ணி மூடியைக் கழற்றினார். உள்ளே பெட்ரோல் நிற்கும் சின்னக் கிண்ணம். அதில் கறுப்பாக, வழுவழுவென்று, சளி மாதிரி ஏதோ கிடந்தது. அதில் ஒரு கரப்பான் கால் வேறு. அண்ணி ஒரு குச்சியால் அதைத் தூக்கி என் மூக்குக்கு நேராகக் கொண்டு வந்தார்.

"மோந்து பாரு."

"அண்ணி, நான் இன்னும் சாப்பிடல. இனிமே சாப்பிடப் போறதும் இல்ல." மோந்தேன். "எண்ணெய். எரிஞ்ச இன்ஜின் ஆயில்."

"பெட்ரோல் டேங்க்ல இருந்து அழுக்கு வந்தா எப்படி இருக்கும்?"

"துருவா இருக்கும். செம்மண் மாதிரி," என்றார் மெக்கானிக். குரல் உயர்ந்தது. "வர்ற வழியில வடிகட்டுற வலை ஒண்ணு இருக்கும்மா. அதைப் பாருங்க."

பார்த்தோம். வலை பளிச்சென்று இருந்தது. அழுக்கு டேங்கிலிருந்து வரவில்லை. மேலே மூடியைத் திறந்து யாரோ போட்டிருக்கிறார்கள்.

எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. டார்ச் கீழே விழ, எடுக்கக் குனிந்தேன். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டும் தகரத் தட்டு. அதில் விரல் கனத்துக்குக் கறுப்புச் சகதி. நடுவில் ஸ்பூனால் வழித்தெடுத்த மாதிரி ஒரு சுத்தமான கோடு.

"பாயசம் பரிமாறின மாதிரி அள்ளியிருக்காங்க," என்றேன்.

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. சீஃபின் மகள். முப்பத்தெட்டு வயதிருக்கும். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அப்பாவோடு இருப்பவர் அவர்தான். கையில் டீ தட்டு.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல இதைக் குடிங்க," என்றார். மெக்கானிக்குக்கும் ஒரு கப் வைத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"புதன்கிழமை நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"அடுப்படி ஜன்னல்ல இருந்து பாத்தேன். இருபது தடவையாவது சுத்தியிருப்பார். பிடிக்கவே இல்ல. வேணாம்பா, டாக்சி பிடிச்சுக்கலாம்னு கத்தினேன். கேக்கல." கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணி டீயைத் தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினில் எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அதை லேசாகத் திருப்பினால் டைமிங் மாறும். திரும்பாமல் பிடித்து வைக்க அடியில் ஒரு போல்ட்.

"போல்ட் மேல ரோஸ் கலர்ல என்ன இது?"

மெக்கானிக் கூச்சத்தோடு சொன்னார். "என் பொண்டாட்டியோட நெயில் பாலிஷ்மா. டைமிங் வச்சு முடிச்சதும் ஒரு சொட்டு வைப்பேன். யாராச்சும் திருப்பினா விரிசல் விட்டுரும். எனக்கு ஒரு அடையாளம்."

விரிசல் விட்டிருந்தது. பாதி உதிர்ந்தே போயிருந்தது.

"இப்ப டைமிங் எப்படி இருக்கு? கையை வெளிய எடுங்க. பாத்துச் சொல்லுங்க."

அவர் சின்ன பல்பை ஒயரில் மாட்டி, ஹேண்டிலை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். சரியான இடத்தில் பல்பு எரிந்தது. அவர் முகம் குழம்பியது. "சரியாத்தான் இருக்கும்மா. நான் வச்ச மாதிரியே இருக்கு."

"டைமிங்கை முன்னால தள்ளி வச்சா, ஹேண்டில் சுத்தறவங்களுக்கு என்ன ஆகும்?"

மெக்கானிக் பல்பைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பிஸ்டன் மேல ஏறி முடிக்கறதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சுரும். வந்த வழியே திருப்பி அடிக்கும். ஹேண்டில் தலைகீழாச் சுத்தும்மா. கழுதை உதைக்கிற மாதிரி. கையை உடைச்சுரும்."

"சுவிட்ச் போட்டு ஸ்டார்ட் பண்ணா?"

"ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சீஃப் காலையில முதல் தடவை சுவிட்ச் போடவே மாட்டாரு. கையாலதான் சுத்துவாரு. தெருவுக்கே தெரியும்."

"ஆக, ஒருத்தர் டைமிங்கைத் தள்ளி வச்சிருக்காங்க. கை உடைஞ்சதும் மறுபடி பழைய இடத்துக்கே கொண்டு வந்திருக்காங்க. ஆனா உடைஞ்ச கைக்கு ஒரு காரணம் வேணுமே. அதுக்குத்தான் கார்புரேட்டர்ல சகதி." அண்ணி கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வேலை தெரிஞ்ச ஆளு. சுத்தமான ஆளு. அதுதான் எனக்குக் குமட்டுது."

எனக்கு மகன்மேல்தான் சந்தேகம். கல்யாணத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். 'அந்தப் பொம்பள' என்று சொல்லாமல் டீச்சரைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அவருக்கு வராது. பல் டாக்டர். ஸ்க்ரூவை நேராக நிறுத்தும் கையாக இருக்கலாம்.

அவரே வந்தார். க்ளினிக்கில் போட்ட ரப்பர் உறையைக்கூடக் கழற்றாமல். "என்ன, தப்பு எங்கன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுக்கிட்டு இருக்கோம். அந்தக் கார்புரேட்டர் மூடியை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க டாக்டர்," என்றார் அண்ணி.

அவர் ரேடியேட்டர் மூடிமேல் கை வைத்தார்.

"அது தண்ணி ஊத்தற இடம் சார்," என்றேன்.

"எனக்கு இந்தக் குப்பை எதுவும் தெரியாது. டயரே மாத்தத் தெரியாது. சின்ன வயசுல ஸ்பேனர் பேரைத் தப்பாச் சொன்னா தலையில குட்டுவார். எனக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது." உறையை உரித்து மூலையில் எறிந்துவிட்டுப் போனார். அது எலிமேல் விழுந்தது.

"நடிப்பா இருக்குமோ அண்ணி?"

"நடிக்கிறவன் பக்கத்துல எதையாவது தொடுவான். இவ்வளவு தூரம் தள்ளிப் போக மாட்டான். வா, சீஃபைப் பாக்கலாம். நாலு நாளா எல்லாரும் அவரைப் பத்திப் பேசறாங்க. அவர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

மெக்கானிக் வராந்தாவில் நின்றுகொண்டார். சீஃபின் அறை கப்பல் அறை மாதிரி இருந்தது. ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே பெரிய உடம்பு. வலது கை மாவுக்கட்டில். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஸ்பூனையும் ஊதி, ஆறவைத்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்து. பார்க்கவே மனசு இளகியது.

"பேசினா களைச்சுப் போவார்," என்றார் மகள்.

"ஒரு கேள்விதான். சீஃப், புதன்கிழமை எத்தனை தடவை சுத்தினீங்க?"

சீஃப் வாயிலிருந்ததை விழுங்கினார். "எத்தனை தடவையா? ஒரே சுத்து. புடிச்சுது, உதைச்சுது. அவ்வளவுதான்."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"மயக்கத்துல இருந்தீங்கப்பா. ஞாபகம் இருக்காது," என்றார் மகள் மென்மையாக.

"உடைஞ்சது கைம்மா. மண்டை இல்ல."

நான் அண்ணியைப் பார்த்தேன். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்திருக்கிறது என்றால் அந்த நிமிஷம் கார்புரேட்டர் நன்றாக இருந்திருக்கிறது. சகதி அடைத்த கார்புரேட்டரோடு இன்ஜின் தும்மக்கூடச் செய்யாது. இருபது தடவை என்று சொன்னவர் பொய் சொல்கிறார்.

அண்ணி அவசரப்படவில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் சுவரில் புதிதாக ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டியிருந்தது. அதன் அருகே போய் நின்றார். பித்தளை ஸ்க்ரூ ஆறு. ஆறின் வெட்டும் நேராக நின்றது.

"இது நல்லா இருக்கே. யாரு மாட்டினது?"

சீஃபின் முகம் மலர்ந்தது. நாங்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக. "என் பாப்பாதான். நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள மாட்டிட்டா. ஆசாரியே வேணாம்னுட்டா. அவ கைக்கு எந்த மெக்கானிக்கும் நிக்க முடியாது. பன்னெண்டு வயசுல எனக்கு டைமிங் வச்சுக் கொடுத்தவ. பையனுக்கு வரல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவளுக்குத்தான்…"

பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. கடைசியாக மகளை. அவர் இன்ஜின்களோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவர். ஒரே சுற்று, உதைத்தது, டைமிங். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க போன் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"பாப்பாகிட்ட."

"புதன்கிழமை பதினொண்ணு இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"ஆபரேஷன் டேபிள்ல."

அண்ணி தன் போனில் படமெடுத்து வைத்திருந்த அந்த மெசேஜைக் காட்டினார். சீஃப் அதை இரண்டு தடவை படித்தார்.

"அவ ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலன்னு சொன்னியே பாப்பா. போன்கூடப் பண்ணலன்னு சொன்னியே."

மகள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"டைமிங்கை எத்தனை டிகிரி தள்ளின?" என்று கேட்டார் சீஃப்.

"இருபத்தஞ்சு," என்றார் மகள். குரலில் பதற்றமே இல்லை. "உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்பா. நீங்க கட்டை விரலை மடக்காமத்தான் பிடிப்பீங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தீங்க. கட்டை விரல் தப்பும், மணிக்கட்டு போகும், ரெண்டு மாசத்துல கூடிரும். அதையெல்லாம் யோசிக்காமலா செஞ்சேன்?"

மகள் துண்டால் அவர் மோவாயைத் துடைத்தார்.

"ஒன்பது வருஷமா இந்த வீட்டை நான் பாத்துக்கறேன். உங்க துணி, உங்க மாத்திரை, உங்க சாப்பாடு. நேத்து வந்தவ அம்மா ரூம்ல வந்து உக்காந்துக்குவாளா? இப்பவும் யாருப்பா உங்களைப் பாத்துக்கறது? நான்தான? வாயைத் திறங்க, சூப் ஆறுது."

ஸ்பூனை மறுபடி எடுத்து, ஊதி, அவர் உதட்டருகே கொண்டு வந்தார்.

திருடனைப் பார்த்திருக்கிறேன். கொலைகாரனோடு ஒரே வேனில் பயணம் செய்திருக்கிறேன். அந்த ஸ்பூனைப் பார்த்தபோது வந்த அருவருப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சீஃப் இடது கையால் ஸ்பூனை நகர்த்தினார். கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் போனவர், அதைத் தொடும் முன் கையை இழுத்துக்கொண்டார். என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"தம்பி, வண்டி ஓட்டுவீங்களா?"

"க்ளட்ச் மட்டும் நல்லா மிதிப்பேன் சார்."

"போதும்."

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவி மாட்ட இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் சீஃப் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் போக மறுத்துவிட்டார். மகன் வந்து, "என்னப்பா இது, யார் சொல்றதையோ கேட்டுக்கிட்டு," என்று ஆரம்பித்தார். அண்ணி அவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். அவர் போய் ஷெட் சுவரில் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சுவிட்சைப் போட்டே ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் சீஃப்.

போட்டேன். முதல் தடவையிலேயே பிடித்தது.

கிளம்பும் நேரத்தில் மகள் ஓடி வந்தார். கையில் மாத்திரை டப்பாவும் ஒரு சால்வையும். ஜன்னல் வழியாகச் சால்வையை அவர் மடியில் விரித்து, மாவுக்கட்டு வெளியே தெரியாமல் மூடினார்.

"எட்டு மணிக்கு வெள்ளை மாத்திரை. மறந்துராதீங்கப்பா. ராத்திரிக்குள்ள வந்துருவீங்கல்ல?"

அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்தேன். அண்ணியும் மெக்கானிக்கும் பின் சீட்டில். கண்ணாடியில் மகள் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தெருமுனை தாண்டியதும் சீஃப் சொன்னார். "முதல்ல ஸ்டேஷன். அஞ்சு மணிக்கு முன்னாடி போகணும். இவர் பேர்ல இருக்குற புகாரை எடுக்கணும். அப்புறம் டீச்சர் வீடு."

"ஸ்டேஷன்ல புதுசா எழுதிக் கேப்பாங்க. டைமிங்கைத் திருப்பினது யாருன்னு கேப்பாங்க," என்றார் அண்ணி, பின்னாலிருந்து, மெதுவாக.

"நிறுத்துங்க," என்றார் சீஃப்.

ஓரமாக நிறுத்தினேன். அவர் இடது கையால் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே போயிருந்த சூப் முழுவதையும் ரோட்டோரம் வாந்தி எடுத்தார். மெக்கானிக் இறங்கி ஓடி அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் ஒன்றும் வராமலே உடம்பு குலுங்கியது.

நிமிர்ந்து, சால்வையால் வாயைத் துடைத்தார். அதைச் சுருட்டிச் சாக்கடையில் போட்டார்.

"என்னால எழுத முடியாது," என்றார். "நான் சொல்றேன். நீங்க எழுதிக்குங்கம்மா. பேரை முழுசா எழுதணும். பாப்பான்னு எழுதிராதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் க்ளட்ச்சை மிதித்தேன்.